வயலின் வீட்டில் பாகப்பிரிவினை

எந்த நாட்டு ஆர்க்கெஸ்ட்ராவிலும் நடக்கக்கூடிய காட்சி இது. புதிய இசை ஒன்றுக்கு முதல் ஒத்திகை. மேடையில் எண்பது பேர். வயலின்கள் மெல்ல மேலேறி வந்து ஓரிடத்தில் இரண்டாகப் பிரிய வேண்டும். பாதிப் பேருக்கு மேல் ஸ்வரம், மீதிப் பேருக்குக் கீழ் ஸ்வரம். அந்த இடமும் வருகிறது. ஆனால் காதில் விழுவது மேல் ஸ்வரம் மட்டும்தான். கண்டக்டர் கோலைத் தட்டி நிறுத்துகிறார். "கீழ் வரி யாரிடம்?" மூன்றாவது ஸ்டாண்டில் இருப்பவர் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கிறார். அவர் முன்வரிசையைப் பார்க்கிறார். எதிரே உள்ள தாளில் இருப்பது ஒரே ஒரு சுருக்கக் குறிப்பு: 'டிவ்.' 'டிவிசி' என்ற இத்தாலியச் சொல்லின் தலை அது. பிரியுங்கள் என்று பொருள். யார், எப்படிப் பிரிவது என்று தாள் சொல்லவில்லை. தலைமை வயலின்காரர் எழுந்து பின்பக்கம் திரும்பி ஸ்டாண்டு ஸ்டாண்டாகப் பங்கு பிரித்துக் கொடுக்கிறார். ஐந்து நிமிடம் போய்விடுகிறது. எண்பது பேருக்கு ஐந்து நிமிடம் என்றால், மொத்தத்தில் ஒரு ஆள் ஏறக்குறைய ஏழு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்த கணக்கு.

கேட்பதற்குச் சில்லறை விவகாரமாகத் தோன்றலாம். ஆனால் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எழுதுபவர்களையும், அதைத் தாளில் ஏற்றுபவர்களையும், கடந்த முப்பத்தைந்து ஆண்டுகளாக அந்த வேலைக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுப்பவர்களையும் ஒருசேரப் படுத்தியெடுக்கும் பிரச்சினை இது. ஒரே வாத்தியக் கூட்டம் சில நேரம் ஒன்றாகவும் சில நேரம் இரண்டாகவும் நான்காகவும் இருக்கிறது என்பதைக் காகிதத்தில் காட்டுவது எப்படி?

வயலினைப் பாடகரின் பக்கத்தில் ஒற்றை ஆளாகவே பார்த்துப் பழகிய தமிழ் ரசிகருக்கு இது கொஞ்சம் அந்நியமான சங்கதி. கர்நாடகக் கச்சேரியில் ஒரு வயலின், ஒரு வழி. தாளும் இல்லை, ஸ்டாண்டும் இல்லை. மேற்கத்திய ஆர்க்கெஸ்ட்ராவில் வயலின் என்பது ஒரு பட்டாளம். பெரிய ஆர்க்கெஸ்ட்ரா என்றால் முதல் வயலின் 16 பேர், இரண்டாம் வயலின் 14 பேர், வயோலா 12, செல்லோ 10, டபுள் பாஸ் 8 என்பது பரவலான கணக்கு. ஒவ்வொரு கூட்டமும் இரண்டிரண்டு பேராக ஒரு ஸ்டாண்டுக்கு முன்னால் உட்காரும். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே தாள். புல்லாங்குழல்காரர்கள் இரண்டு பேர் என்றால் ஆளுக்கொரு தனித் தாள் உண்டு. தந்தி வாத்தியக்காரர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. சிக்கலின் வேர் இந்தக் கூட்டுக் குடித்தனத்தில் இருக்கிறது.

முதல் குழப்பம் வாத்தியத்தின் திறமையால் வருவது. புல்லாங்குழலில் ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான். வயலினில் வில்லை இரண்டு தந்திகள் மேல் சேர்த்து இழுத்து ஒருவரே இரண்டு ஸ்வரம் வாசிக்கலாம். 'டபுள் ஸ்டாப்' என்பார்கள். ஆகவே தாளில் ஒன்றின் தலைமேல் ஒன்றாக இரண்டு ஸ்வரம் அடுக்கியிருந்தால் அதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. ஒவ்வொருவரும் இரண்டையும் வாசிக்க வேண்டுமா, ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொள்ள வேண்டுமா? பிரிக்க வேண்டும் என்றால் 'டிவ்.' என்றும், பிரிக்கக் கூடாது என்றால் 'நான் டிவ்.' என்றும், பிரிந்தவர்கள் மறுபடி ஒன்றுசேர வேண்டிய இடத்தில் 'யூனிஸ்.' என்றும் எழுதுவது மரபு. இந்த மூன்று குறிப்புகளில் ஒன்று விட்டுப்போனாலும் ஒத்திகையில் கை உயரும். அதிகம் விட்டுப்போவது மூன்றாவதுதான். பாகம் பிரிக்கும்போது இருக்கும் கவனம், மறுபடி சேர்த்துவைக்கும்போது யாருக்கும் இருப்பதில்லை.

அடுத்த கேள்வி, கோடு எங்கே போடுவது என்பது. பிரிக்க இரண்டு வழிகள் உண்டு. ஸ்டாண்டுக்குள்ளேயே பிரிக்கலாம்: அவையோரம் உட்கார்ந்திருப்பவர் மேல் வரி, உள்பக்கம் இருப்பவர் கீழ் வரி. இரண்டாகப் பிரிய வேண்டும் என்றால் பேசாமலே நடக்கிற ஏற்பாடு இது. அல்லது ஸ்டாண்டு வாரியாகப் பிரிக்கலாம்: முதல் ஸ்டாண்டு மேலே, இரண்டாவது ஸ்டாண்டு கீழே, மூன்றாவது மறுபடி மேலே. மூன்று பங்கு என்றால் இந்த இரண்டாவது வழிதான் கைகொடுக்கும். ஆனால் 16 பேர் மூன்றில் வகுபடுவதில்லை. ஸ்டாண்டாகப் பிரித்தால் எட்டு ஸ்டாண்டுகள் மூன்று, மூன்று, இரண்டு என்று போகும். அதாவது 6, 6, 4 பேர். ஆளாகப் பிரித்தால் 6, 5, 5. இரண்டாம் வயலினின் ஏழு ஸ்டாண்டுகளை இரண்டாகப் பிரித்தால் எட்டுப் பேர் ஒரு பக்கம், ஆறு பேர் இன்னொரு பக்கம். எந்த வரிக்கு அதிக ஆள் என்பது இசையமைப்பாளர் முடிவு செய்ய வேண்டிய விஷயம். அவர் எழுதாமல் விட்டால் தலைமை வயலின்காரர் முடிவு செய்வார். அவரும் விட்டால் தற்செயல் முடிவு செய்யும்.

இதில் யாரும் எதிர்பார்க்காத ஒரு பள்ளமும் இருக்கிறது. தாளைத் திருப்புவது யார்? ஸ்டாண்டில் உள்பக்கம் இருப்பவர் வாசிப்பதை நிறுத்தித் திருப்புவார், மற்றவர் தொடர்ந்து வாசிப்பார் என்பது வழக்கம். ஸ்டாண்டுக்குள் பிரித்து வைத்திருக்கும் இடத்தில் பக்கம் முடிந்தால் என்ன ஆகும்? கீழ் வரி வைத்திருக்கும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கையை எடுப்பார்கள். கீழ் வரி காற்றில் கரைந்துவிடும். ஸ்டாண்டு வாரியாகப் பிரித்திருந்தால் இரண்டு வரிகளும் பாதிப் பலத்துடனாவது பிழைத்திருக்கும். பக்கத்தை எங்கே முடிப்பது என்பதுகூட அழகுக்காக மட்டும் அல்ல. அங்கே இசையே ஓட்டை விழலாம்.

இவ்வளவு தொல்லை இருந்தும் ஏன் பிரிக்கிறார்கள்? பிரித்தால் கிடைக்கிற ஒலி வேறு எதிலும் கிடைக்காது என்பதால்தான். 1829ல் ரோஸினி 'வில்லியம் டெல்' ஆபராவின் முன்னுரை இசையை ஐந்து தனி செல்லோக்களை வைத்துத் துவங்கினார். 1850ல் வைமர் நகரில் லிஸ்ட் நடத்த அரங்கேறிய வாக்னரின் 'லோஹெங்ரின்' முன்னுரையில் நான்கு வயலின்கள் தனித்தனியாகவும், மிச்சமுள்ள வயலின்கள் நான்கு சம பங்காகவும் ஒலிக்கின்றன. மேகத்துக்கு மேலே வெளிச்சம் பரவுவது போன்ற அந்த ஒலிக்கு அடிப்படை வெறும் பங்குக் கணக்கு. 1905ல் 'லா மேர்' எழுதிய டெபுஸி ஒரு இடத்தில் 16 செல்லோக்கள் கேட்டு அவற்றை நான்காகப் பிரித்தார். அத்தனை செல்லோக்கள் பெரும்பாலான ஆர்க்கெஸ்ட்ராக்களிடம் கிடையாது. ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் 1945ல் எழுதி, 1946ல் சூரிச்சில் முதலில் வாசிக்கப்பட்ட 'மெட்டமார்ஃபோஸன்' இசையில் 23 தந்தி வாத்தியங்கள். ஆளுக்கொரு தனி வரி. 1961ல் ஹங்கேரியரான லிகெட்டி 'அட்மாஸ்ஃபியர்ஸ்' எழுதியபோது 56 தந்தி வாத்தியக்காரர்களுக்கும் தனித்தனி வரி கொடுத்துவிட்டார். பாகப்பிரிவினை முற்றுப்பெற்றது.

இவர்களில் மிக நல்ல முன்மாதிரி ஆங்கிலேயரான வான் வில்லியம்ஸ். 1910ல் குளோஸ்டர் தேவாலயத்தில் முதலில் வாசிக்கப்பட்ட அவருடைய 'டாலிஸ் ஃபேன்டேசியா'வில் பெரிய தந்தி ஆர்க்கெஸ்ட்ரா ஒன்று, ஒன்பதே பேர் கொண்ட சிறிய ஆர்க்கெஸ்ட்ரா இன்னொன்று, தனியாக நான்கு பேர் என்று மூன்று அடுக்கு. அந்த ஒன்பது பேர் எங்கிருந்து வர வேண்டும் என்று அவர் ஸ்கோரிலேயே எழுதிவைத்தார்: ஒவ்வொரு கூட்டத்தின் மூன்றாவது ஸ்டாண்டிலிருந்து. டபுள் பாஸ் மட்டும் இரண்டாவது ஸ்டாண்டின் முதல் ஆள். தனியாக உட்கார வைக்க இடம் இல்லையென்றால் இருக்கிற இடத்திலிருந்தே வாசிக்கலாம் என்றும் சேர்த்துக்கொண்டார். நூறு ஆண்டுகளுக்கு மேலாக உலகம் முழுக்க வாசிக்கப்படும் இந்த இசையின் ஒத்திகையில் 'யார், எங்கிருந்து?' என்று எவரும் கேட்க வேண்டியதில்லை. இரண்டு வாக்கியத்தின் விலை அது.

பிரிப்பதற்கு ஒலியில் ஒரு விலையும் உண்டு. 16 வயலின்களை நான்காகப் பிரித்தால் ஒவ்வொரு வரிக்கும் நான்கு பேர்தான். கூட்டத்தின் பலம் பங்கு போய்விடுகிறது. சினிமா ரிகார்டிங்கில் எட்டு வயலின்தான் இருக்கிறது என்றால் நான்கு பங்கில் வரிக்கு இரண்டே பேர். அது கூட்டமும் இல்லை, தனியும் இல்லை. இரண்டு பேரின் சுருதியில் மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் பட்டவர்த்தனமாகக் கேட்கும். மூன்று பேர் இருந்தால் அது ஓரளவு மறையும். அனுபவம் உள்ளவர்கள் ஆளை எண்ணிவிட்டுத்தான் வரியை எழுதுவார்கள்.

இனி தாளுக்கு வருவோம். இசைத் தாளில் இரண்டு ஜாதி. கண்டக்டர் முன்னால் இருப்பது ஸ்கோர். எல்லா வாத்தியங்களும் ஒன்றன் கீழ் ஒன்றாக இருக்கும். வாத்தியக்காரர் முன்னால் இருப்பது பார்ட். அவருடைய கூட்டத்துக்கு உரியது மட்டும் இருக்கும். கண்டக்டருக்கு இடம் குறைவு. முடிந்தவரை அடக்கமாக வேண்டும். வாத்தியக்காரருக்குத் தெளிவு வேண்டும். தன் வரி எது என்று ஒரு பார்வையில் தெரிய வேண்டும். ஒரே இசையை இரண்டு பேருக்கும் இரண்டு விதமாகக் காட்ட வேண்டும்.

கைத்தொழிலாக இருந்த நாளில் இதற்கு எழுதாத சட்டங்கள் இருந்தன. ஜெர்மனியின் லைப்சிக் நகரத்து அச்சகங்களில் ஈயம் கலந்த உலோகத் தகட்டில், இடது வலமாக, எஃகு முத்திரைகளைக் குத்தி இசையைச் செதுக்கினார்கள். இன்றும் இந்த வேலைக்கு 'எங்கிரேவிங்' என்றே பெயர். இரண்டு பங்குக்கும் ஒரே தாளக்கட்டு என்றால் ஒரே காம்பில் இரண்டு தலை போட்டு மேலே 'டிவ்.' என்று எழுதினால் போதும். தாளக்கட்டு மாறினால் மேல் பங்குக்குக் காம்பு மேல்நோக்கி, கீழ் பங்குக்குக் கீழ்நோக்கி. ஒன்றையொன்று தாண்டிக் குறுக்கிட ஆரம்பித்தால் இரண்டு தனி ஸ்டாஃப். ஐந்து கோடுகள் கொண்ட அந்த ஸ்டாஃப் வரியின் நடுவில் திடீரென்று முளைக்காது. வரியின் இடது ஓரத்திலிருந்தே தொடங்க வேண்டும் என்பது வழக்கம். எனவே பிரிவு வரியின் கடைசி பாரில் வந்தாலும் அதற்கு முன்னால் உள்ள பார்கள் இரண்டு ஸ்டாஃபிலும் ஒரே மாதிரி இருக்கும். நல்ல எழுத்தர் முன்கூட்டியே பார்த்து, பிரிவு புது வரியின் தொடக்கத்தில் விழும்படி இடத்தை விட்டுப் பிடிப்பார்.

இந்தியாவிலும் இந்தக் கைகள் இருந்தன. பம்பாய் சினிமா ஸ்டூடியோக்களில் நொட்டேஷன் தெரிந்த கோவாக்காரர்கள் மெட்டுக்கு ஆர்க்கெஸ்ட்ரா உடுத்தினார்கள். சங்கர்-ஜெய்கிஷன் பாடல்களுக்கு அரேஞ்சராக இருந்த செபாஸ்டியன் டிசூஸா, பியாரேலாலுக்கு வயலின் சொல்லிக்கொடுத்த அந்தோனி கொன்ஸால்வெஸ் ஆகியோர் அந்தப் பரம்பரையில் பெரிய பெயர்கள். சென்னையில் இளையராஜா ஸ்டூடியோவிலேயே உட்கார்ந்து முழு ஸ்கோரைத் தாளில் எழுதுவதும், உதவியாளர்கள் அதிலிருந்து ஒவ்வொரு வாத்தியத்துக்கும் பார்ட் எடுத்துக் கொடுப்பதும் திரையுலகம் நன்கு அறிந்த காட்சி. பார்ட் எழுதுபவர் வெறும் நகல் மெஷின் அல்ல. எதிரே எத்தனை வயலின் உட்கார்ந்திருக்கிறது, யாரால் எது முடியும் என்பது அவருக்குத் தெரியும். ஸ்கோரில் 'டிவ்.' என்று மட்டும் இருந்தாலும் பார்ட்டில் யாருக்கு எது என்று பிரித்தே எழுதிவிடுவார். பெயர் எங்கும் அச்சாகாத அறிவு அது.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. 1970களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் லீலண்ட் ஸ்மித் 'ஸ்கோர்' என்ற புரோகிராமை உருவாக்கினார். 1988ல் அமெரிக்காவில் 'ஃபினாலே' வந்தது. 1993ல் பிரிட்டனில் பென், ஜொனாதன் ஃபின் என்ற இரட்டைச் சகோதரர்களின் 'சிபேலியஸ்' வந்தது. 1996ல் இரண்டு டச்சுக்காரர்கள் தொடங்கிய 'லிலிபாண்ட்' இலவசமாகக் கிடைத்தது. பார்ட் எடுக்கும் வேலை, ராத்திரி முழுக்க விழித்திருந்து செய்ததெல்லாம், பொத்தானை அழுத்தினால் முடிந்தது. ஸ்கோரில் ஒரு ஸ்வரத்தைத் திருத்தினால் பார்ட்டிலும் திருந்தியது. நிஜமாகவே வரப்பிரசாதம்.

ஆனால் கம்ப்யூட்டர் உலகத்தைப் பார்த்த விதத்தில் ஒரு பிடிவாதம் இருந்தது. ஒரு வாத்தியம் என்றால் ஒரு ஸ்டாஃப்; ஒரு ஸ்டாஃப் என்றால் ஒரு பார்ட். புல்லாங்குழலுக்கு இந்தச் சூத்திரம் பொருந்தும். பிரிந்து சேரும் வயலினுக்குப் பொருந்தாது. எனவே எழுதுபவர்கள் குறுக்கு வழி கண்டுபிடித்தார்கள். 'வயலின் 1' என்ற ஸ்டாஃபுக்குக் கீழே ரகசியமாக இன்னொரு ஸ்டாஃப். தேவையில்லாத வரிகளில் அதை மறைத்துவிடுவது, தேவையான வரிகளில் காட்டுவது. பார்ட் எடுக்கும்போது இரண்டையும் சேர்த்து எடுப்பது. பார்ப்பதற்குச் சரியாகவே இருக்கும்.

ஆபத்து மறைத்த இடத்தில் இருந்தது. பிரிவு வரியின் நடுவில் வந்தால் முன்னால் உள்ள பொது இசையை இரண்டாவது ஸ்டாஃபிலும் கையால் நகல் எடுத்து ஒட்ட வேண்டும். ஒத்திகைக்கு முந்தின நாள் இசையமைப்பாளர் ஒரு ஸ்வரத்தை மாற்றுவார். மேல் ஸ்டாஃபில் மாறும். கீழ் நகலில் மாறாது. மறுநாள் ஒரே ஸ்டாண்டில் இருக்கும் இரண்டு பேர், ஒன்றாக வாசிக்க வேண்டிய இடத்தில் அரை ஸ்வரம் தள்ளி வாசிப்பார்கள். கையெழுத்துக் காலத்தில் இப்படிப்பட்ட தவறு ஒருவரின் அசதியால் வந்தது. இப்போது ஒரு வசதியால் வந்தது.

இன்னொரு கெடுதல் இன்னும் நுட்பமானது. எழுதியதைக் கம்ப்யூட்டர் உடனே வாசித்தும் காட்டுகிறது. அதில் இருப்பது ஏற்கனவே பதிவு செய்த முழு வயலின் கூட்டத்தின் ஒலி. இரண்டாவது ஸ்டாஃப் சேர்த்தால் இன்னொரு முழுக் கூட்டம் வந்து சேர்ந்துகொள்கிறது. நான்கு ஸ்டாஃப் என்றால் நான்கு கூட்டம். ஆக, மேடையில் 16 பேர் நான்காகப் பிரிந்து மெலிய வேண்டிய இடத்தில், ஸ்பீக்கரில் 64 பேர் முழங்குகிறார்கள். கம்ப்யூட்டரை மட்டும் கேட்டு எழுதப் பழகும் இளம் இசையமைப்பாளர் பூரித்துப்போகிறார். உச்சக்கட்டத்தில் வயலினை ஆறாகப் பிரித்துவைக்கிறார். நிஜ மேடையில் டிரம்பெட்டுக்கு முன்னால் அந்த ஆறு வரியும் காணாமல் போகிறது. குற்றம் வாசித்தவர்கள் தலையில் விழுகிறது.

இந்தக் குறையைத் தீர்க்கும் முயற்சிகள் மெல்லத்தான் வந்தன. லிலிபாண்டில் சேர்ந்த ஸ்டாஃப் ஒன்று, பிரிந்த ஸ்டாஃப் இரண்டு என்று எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டு, எந்த வரியில் எது தெரிய வேண்டும் என்பதை புரோகிராமே முடிவு செய்யும்படி அமைக்கலாம். 2012ல் சிபேலியஸின் லண்டன் குழுவை அதன் உரிமையாளரான நிறுவனம் கலைத்தபோது அவர்களில் பலர் ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் நிறுவனத்துக்குப் போய் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். பதினாறாம் நூற்றாண்டில் ரோமில் இசை அச்சிட்டவரின் பெயரைச் சூட்டி 2016ல் அவர்கள் வெளியிட்ட 'டொரிகோ', ஸ்டாஃபிலிருந்து தொடங்காமல் வாசிப்பவரிலிருந்து தொடங்கியது. 2018ல் வந்த அதன் இரண்டாம் பதிப்பில், வயலின் கூட்டம் இந்த பாரில் இத்தனை பங்காகப் பிரிகிறது, இந்த பாரில் சேர்கிறது என்று புரோகிராமிடமே சொல்லிவிட முடிந்தது. பிரிவுக்கு முந்தைய பொது இசையை இரண்டு ஸ்டாஃபிலும் அதுவே காட்டும். நகல் எடுக்கும் வேலை இல்லை. நகல் திருந்தாமல் போகும் தவறும் இல்லை. மனித எழுத்தர் மனசுக்குள் வைத்திருந்த ஒரு சாதாரண உண்மையை, கூட்டம் பிரிந்தாலும் அது ஒரே கூட்டம்தான் என்பதை, மெஷினுக்குப் புரியவைக்க ஃபினாலே வந்து 30 ஆண்டுகள் பிடித்தன.

அதற்குள் வேறொரு இடி. 2024 ஆகஸ்டில் ஃபினாலேயை உருவாக்கிவந்த நிறுவனம் இனி அதை வளர்க்கப் போவதில்லை என்று அறிவித்துவிட்டது. உலகெங்கும் பல இசையமைப்பாளர்கள், பதிப்பகங்கள், பல்கலைக்கழகங்களின் வாழ்நாள் வேலை அந்த புரோகிராமின் ஃபைல்களில் இருக்கிறது. ஒரு சாஃப்ட்வேரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற 'மியூசிக் எக்ஸ்எம்எல்' என்ற பொது வடிவம் உண்டு. ஸ்வரங்கள் பத்திரமாகப் போய்ச் சேரும். ஆனால் மறைத்தும் காட்டியும் ஜோடித்த ரகசிய ஸ்டாஃப்கள் புது வீட்டில் தனி வாத்தியங்களாகப் பல்லை இளித்துக்கொண்டு நிற்கும். 'டிவ்.' என்பது வெறும் மூன்றெழுத்து ஒட்டுச் சீட்டாகப் போய்ச் சேரும். அதன் அர்த்தம் வராது. லைப்சிக்கில் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னால் அச்சான தாளை இன்றைக்கும் ஸ்டாண்டில் வைத்து வாசிக்கலாம். இருபது ஆண்டுகளுக்கு முன் கம்ப்யூட்டரில் எழுதியதைத் திறக்கப் பழைய மெஷினைத் தேட வேண்டியிருக்கிறது. அச்செடுத்த தாளும் பிடிஎஃப் நகலும் வைத்திருப்பவர்கள் பிழைத்தார்கள்.

இந்தியாவுக்கு இதில் என்ன என்று கேட்கலாம். முன்பைவிட அதிகமாகவே இருக்கிறது. மும்பையில் 2006ல் தொடங்கிய சிம்பனி ஆர்க்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா நாட்டின் தொழில்முறை ஆர்க்கெஸ்ட்ரா. சென்னையில் ஏ.ஆர். ரஹ்மான் 2008ல் தொடங்கிய கே.எம். இசைப்பள்ளியில் பிள்ளைகள் தந்தி வாத்தியம் பழகுகிறார்கள். இளையராஜாவின் 'திருவாசகம்' 2005ல் புடாபெஸ்ட் ஆர்க்கெஸ்ட்ராவுடன் வந்தது. அவருடைய 'வேலியன்ட்' சிம்பனி 2025 மார்ச் 8ம் தேதி லண்டனில் அரங்கேறியது. கிழக்கு ஐரோப்பிய ஸ்டூடியோக்களில் தந்தி வாத்தியங்களைப் பதிவு செய்வது இந்தியத் திரையிசையில் இன்று புதுமை அல்ல. சென்னையிலோ மும்பையிலோ எழுதிய தாள் ஈமெயிலில் போகிறது. அங்கே வாசிப்பவர்கள் அதை முதன்முதலாகப் பார்ப்பதே சிவப்பு விளக்கு எரிந்த பிறகுதான். ஒத்திகை கிடையாது. ஸ்டூடியோவுக்கு மணிக் கணக்கில் பணம். எழுதியவர் பக்கத்தில் இல்லை. கேட்டால் சொல்ல ஆள் இல்லை. கோடம்பாக்கத்தில் பார்ட் எழுதியவர் தாளில் இல்லாததை வாயால் சொல்லிச் சமாளித்த காலம் போய்விட்டது. இப்போது சொல்ல வேண்டியது அத்தனையும் தாளில் இருந்தாக வேண்டும்.

தாளில் இருக்க வேண்டியவை அதிகம் இல்லை. எத்தனை பங்கு என்பதை எண்ணாகவே எழுதுவது. ஆளாகவா, ஸ்டாண்டாகவா என்று சொல்வது. பங்கு சமமில்லை என்றால் எந்த வரிக்கு எத்தனை பேர் என்று குறிப்பிடுவது. பிரித்த இடத்தைப் போலவே சேரும் இடத்திலும் 'யூனிஸ்.' எழுத மறக்காமல் இருப்பது. பிரிவின் நடுவில் பக்கத்தை முடிக்காமல் இருப்பது. இரண்டு பாருக்கு ஒரு முறை பிரித்துச் சேர்த்து வாசிப்பவரை அலைக்கழிக்காமல் இருப்பது. ஒவ்வொரு புது வரியின் இடது ஓரத்திலும் எந்த ஸ்டாஃப் யாருடையது என்று பெயர் போடுவது. ஒவ்வொன்றும் பத்து விநாடி வேலை. எந்த சாஃப்ட்வேரிலும் செய்யலாம். சாஃப்ட்வேர் இல்லாமலும் செய்யலாம். வான் வில்லியம்ஸ் செய்தார்.

செய்யாதவர்களைக் காப்பாற்ற ஆர்க்கெஸ்ட்ராக்கள் ஒரு பழைய தொழில்நுட்பத்தை இன்னும் கைவிடவில்லை. ஐந்து நிமிடம் வீணாகி, தலைமை வயலின்காரர் பங்கு பிரித்துக் கொடுத்து முடித்ததும், ஒவ்வொரு ஸ்டாண்டிலும் ஒருவர் குனிந்து தாளின் ஓரத்தில் எழுதிக்கொள்கிறார்: 'நான் மேலே, நீ கீழே.' அதற்கென்றே ஸ்டாண்டின் விளிம்பில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். இதுவரை அதற்குப் புதுப் பதிப்பு எதுவும் தேவைப்படவில்லை.